பிரெக்ஸிட்டுக்கும் ஏற்காடு காபி விலைக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

அண்ணா, "2016 ஓட்டு முடிந்த மறுநாளே பிரிட்டன் வெளியேறிவிட்டது, அதனால்தான் ஏற்காடு காபி விலை விழுந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்ற ஓட்டு, அதாவது பிரெக்ஸிட் ஓட்டு, நடந்தது 2016 ஜூன் 23. வெளியேறியது 2020 ஜனவரி 31. பழைய வர்த்தக விதிகளோ அந்த டிசம்பர் 31 வரை அப்படியே இருந்தன. ஓட்டுக்கு மறுநாள் பெரிதாக விழுந்தது பிரிட்டன் நாணயமான பவுண்டு: சில மணி நேரத்தில் சுமார் 1.50 டாலரிலிருந்து 1.32 வரை, 1985க்குப் பிறகு அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. பிரிட்டன் முழுக்கக் கொண்டாடியது என்று நீங்கள் சொல்வதும் மிகை. 'வெளியேறுவோம்' 51.9 சதவீதம், 'இருப்போம்' 48.1 சதவீதம்தான். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் 'இருப்போம்' பக்கம். மறு வாக்கெடுப்பு கேட்ட மனுவில் 40 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது.

அப்புறம் காபி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அரபிகா ரகக் காபி. அதற்கு உலக விலை நிர்ணயமாவது நியூயார்க்கில், டாலரில். லண்டன் சந்தை ரொபஸ்டா என்ற இன்னொரு ரகத்துக்கு. அங்கேயும் கணக்கு டாலர்தான். பிரேசிலில் மழையா, பனியா என்பதைப் பார்த்தால் உங்கள் தோட்டத்து விலைக்குக் காரணம் கிடைக்கும். பவுண்டுச் சரிவில் நேரடியாக அடி வாங்கியவர்கள் பவுண்டில் பில் போட்டு வைத்திருந்த ஏற்றுமதியாளர்கள். சேலத்து ஜவுளிக்காரர்களில் அப்படி யாராவது இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.