ரத்தத்துல வைட்டமின் டி குறைஞ்சா அது நோயாளி செஞ்ச குற்றமா?

அந்த வீடியோவை நேத்திலிருந்து ஆளாளுக்கு அனுப்பிட்டே இருக்கீங்க. பார்த்துட்டேன். வைட்டமின் டி குறையுறதாலதான் கேன்சர் வருதாம், உடம்பு பெருக்குதாம். வாரம் ஒரு 60,000 யூனிட் போட்டா ரெண்டும் கிட்டவே வராதாம். பேசினவர் டாக்டர்ங்கிறதுதான் எனக்கு ஆத்திரம்.

ரத்தத்துல டி குறைவா இருக்கிறது வேற. அது குறைஞ்சதாலதான் நோய் வந்துச்சுன்னு சொல்றது வேற.

அமெரிக்காவுல ஜோஆன் மேன்சன் தலைமையில வைட்டல்னு ஒரு ஆய்வு. 25,871 பேர். பாதிப் பேருக்கு தினம் 2,000 யூனிட் டி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெத்து மாத்திரை. அஞ்சு வருஷத்துக்கு மேல கவனிச்சாங்க. டி சாப்பிட்டவங்கள்ல 793 பேருக்குப் புற்றுநோய், சாப்பிடாதவங்கள்ல 824 பேருக்கு. இதை வெச்சு டி தடுத்துச்சுன்னு சொல்ல முடியாது. கால்சியமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தாச்சு. 36,282 பெண்களை வெச்சு ஏழு வருஷம் நடந்த ஆய்வுல பெருங்குடல் புற்று குறையலை, சிறுநீரகக் கல்தான் கூடுச்சு.

எடை விஷயத்துல அந்த டாக்டர் தலைகீழாவே சொல்றார். டி கொழுப்புல கரையுற சத்து. உடம்புல கொழுப்பு கூடினா ரத்தத்துல டி குறைவாத்தான் காட்டும். 2013ல மரபணுவை வெச்சே பார்த்தாங்க: எடை கூடினா டி குறையுது, டி குறையுறதால எடை கூடுறதாத் தெரியலை.

எங்க சித்திக்கு மார்பகப் புற்று வந்தப்போ பார்க்க வந்த தூரத்து உறவு ஒருத்தர் ரிப்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். "டி இவ்வளவு கம்மியா இருக்கே, கொஞ்சம் வெயில்ல நடந்திருந்தா இது வந்தே இருக்காதும்மா. உடம்பையும் இப்படிப் போட விட்டிருக்கக் கூடாது" அப்படின்னார். சித்தி பல வருஷம் தாலுகா ஆபீஸ் வாசல்ல, வெயில்ல உட்கார்ந்து பூ வித்தவங்க. அன்னைக்கு ராத்திரி என்கிட்ட, "நானாத்தான் இழுத்து விட்டுக்கிட்டேனாடி?"ன்னு கேட்டாங்க.

டி வேண்டாம்னு சொல்றியான்னு கேப்பீங்க. சொல்லலை. எலும்புக்கு வேணும். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கிற சில ஹார்மோன் மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கும், அதுக்காக சித்திக்கும் கால்சியம், டி ரெண்டும் எழுதினாங்க. அது சிகிச்சை. வீடியோ பார்த்து மருந்துக்கடையில வாங்கி வாரா வாரம் முழுங்கினா ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடலாம். ஆஸ்திரேலியாவுல இதே 60,000த்தை மாசம் ஒண்ணுன்னு அஞ்சு வருஷம் வரை கொடுத்தாங்க, 60 வயசு தாண்டின 21,315 பேர் இருந்த ஆய்வு. புற்றுநோய்ச் சாவு குறையலை.

வைட்டல்லயே பரவின புற்று, உயிரைப் பறிச்ச புற்று ரெண்டும் சேர்த்து 17 சதவீதம் குறைஞ்சுதேன்னு ஒருத்தர் நிச்சயம் வருவார். ஆமா, 2020ல வந்துச்சு. அது தரவைப் பின்னாடி பிரிச்சுப் பார்த்த கணக்கு. அந்தப் பலனும் எடை சரியா இருந்தவங்ககிட்டதான் தெரிஞ்சுது. பருமனா இருக்கீங்க, டி போடுங்கன்னு அந்த டாக்டர் யாரை மிரட்டுறாரோ அவங்ககிட்ட தெரியலை.

அந்த உறவுக்காரர் நல்லெண்ணத்துலதானே சொன்னார்னு கீழே வந்து எழுதாதீங்க. படுத்திருக்கிறவங்ககிட்ட "நீ ஒழுங்கா இருந்திருந்தா"ன்னு ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் இனி எங்க வாசல்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. சித்தியைப் பார்க்கணும்னா சாயங்காலமா வாங்க. அரசியல் பேசுங்க, அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.