ரேமை ஒட்டிவைத்து விற்கிறவனை என்ன செய்வது?

ஒரு லேப்டாப்பில் பிறகு ரேமைக் கூட்ட முடியுமா, முடியாதா? இதைப் பெட்டியின்மேல் ஒரு வரி அச்சடித்தால் கம்பெனிக்காரன் குடியா முழுகிவிடும்? ப்ராசசர் பெயர், திரையின் தரம், எஸ்எஸ்டி என்று ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கராக ஒட்டத் தெரிகிறது. ‘8 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது, மெஷின் சாகும்வரை 8தான்’ என்பது மட்டும் எங்கேயும் இருக்காது.

தங்கச்சி பொலிடெக்னிக்கில் நெட்வொர்க் படிக்கிறாள். பாடத்துக்கு விர்ச்சுவல் மெஷின், அதாவது லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், வேண்டும். ஒரு பக்கம் விண்டோஸ் சர்வர், இன்னொரு பக்கம் காலி (Kali) லினக்ஸ், இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதை ஓட்டும் மென்பொருளுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவையும் 2024 நவம்பரில் எல்லாருக்கும் இலவசமாக்கிவிட்டார்கள். அப்பாடா, செலவில்லை என்று பார்த்தால் ரேமில் வைத்தார்கள் ஆப்பு. அவள் லேப்டாப்பின் 8 ஜிபியில் விண்டோஸ் சர்வருக்கு 2 ஜிபி, காலி லினக்ஸுக்கு 2 ஜிபி கொடுத்தால் மீதி 4. விண்டோஸ் 11 சும்மா திறந்து கிடப்பதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். விர்ச்சுவல்பாக்ஸில் மெமரி ஒதுக்கும் இடத்தில் ஒரு கோடு வரும், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். பாவம், அந்தப் பச்சையின் ஓரத்திலேயே மவுஸை வைத்து இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டிருப்பாள். “அண்ணே, ரேம் மட்டும் கூட்டிட்டா போதும்ணே.”

லேப்டாப்பைச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். கடை முதலாளி, அந்தத் தவுக்கே, எல்லா ஸ்குரூவையும் கழற்றியும் அடிமூடி அசையவில்லை. பார்த்தால், கடைசி இரண்டு ஸ்குரூ ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. (எங்கள் தாத்தா விடியுமுன் எழுந்து ரப்பர் பால்மரம் வெட்டியது இதற்குத்தான் போலிருக்கிறது.) உள்ளே ரேமை மாட்டும் ஸ்லாட் என்ற ஒன்றே இல்லை. நாலு கறுப்புச் சிப், போர்டோடு போர்டாக. தவுக்கே விரலால் தட்டிக் காட்டி, “தா போலே லா, பாஸ்”, முடியாது என்றார். காசுகூட வாங்கவில்லை.

இதற்கு அவர்களிடம் ஒரு நியாயம் தயாராக இருக்கும். எல்பிடிடிஆர் என்கிற வகை ரேம் குறைந்த கரண்டில் ஓடும், அது ப்ராசசரை ஒட்டியே இருக்க வேண்டும், ஸ்லாட் வைத்தால் ஒத்துவராது என்பார்கள். கத்தி மாதிரி மெலிந்த, விலையுயர்ந்த மெஷினுக்கு அதைச் சொல், கேட்டுக்கொள்கிறேன். மலிவாக விற்கிற இந்தத் தடித்த பிளாஸ்டிக் லேப்டாப்புக்கு என்ன நியாயம்? இதில் இருப்பது சாதாரண டிடிஆர்4 வகை ரேம். அதற்கு ஸ்லாட் வைக்க என்ன கேடு? எல்பிடிடிஆருக்கேகூட வழி பிறந்துவிட்டதே! கழற்றி மாட்டக்கூடிய கேம்2 தரத்தை, மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டாயிற்று. அது நம் விலைக்கு இறங்கி வருவதற்குள் தங்கச்சி படித்து முடித்து வேலைக்கே போய்விடுவாள்.

“அப்பவே 16 ஜிபி வாங்கியிருக்கலாமே” என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். செம்பனைத் தோட்டத்துச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் வந்து பேசட்டும்.

சரி, ஸ்லாட் இருக்கிற பழைய மெஷினாக ஒன்று பிடித்து ரேம் போடலாம் என்று பார்த்தால், 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றம் இருக்கிறதே! சிப்பெல்லாம் ஏஐ டேட்டா சென்டருக்கே போகிறது. நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற குருஷியல் ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுகிறோம் என்று சிப் கம்பெனி மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஜொகூரில் கூலாய் யங் தோட்டத்து நிலத்தில் இன்று டேட்டா சென்டர் வளாகம் நிற்கிறது. தோட்டத்து நிலமும் அவர்களுக்கு, தோட்டத்துப் பிள்ளைக்கு வரவேண்டிய ரேமும் அவர்களுக்கா?

இருக்கிற 8ஐ வைத்து ஒவ்வொன்றாக ஓட்டலாம் என்றாலும் விடுகிறார்களா? விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்கில், விர்ச்சுவல் மெஷினுக்கு வேண்டிய விர்ச்சுவலைசேஷனை அணைத்தே வைத்திருந்தார்கள். அதைத் தேடிப் போட்டால், விண்டோஸ் தன் பாதுகாப்புக்கென்று மெமரி இன்டெக்ரிட்டி என்கிற வசதியை ஓடவிட்டுக்கொண்டு விர்ச்சுவல்பாக்ஸின் கழுத்தைப் பிடிக்கிறது. ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு பச்சை ஆமை வந்து உட்காரும். மெதுவாகத்தான் ஓடும் என்று விர்ச்சுவல்பாக்ஸே காட்டுகிற படம் அது. இந்த நக்கல் வேறு!

பிள்ளைக்கு லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள். காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தட்டுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் பற்றவைத்த ரேம்தான். ‘சோடிம்’ என்றிருந்தால் அது கழற்றி மாட்டும் ரேம்; எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று அடுத்த கேள்வி கேளுங்கள். விற்கிற பையன் முறைத்தால் முறைக்கட்டும்.