18 அடி தள்ளி நின்றதுதான் குற்றமா?

அந்த சாஃப்ட்பால் கிளிப் எனக்கும் வந்துவிட்டது. போதும், இனி யாரும் அனுப்ப வேண்டாம். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) எறிந்த பந்துக்கு, 18 அடி தள்ளி நின்று முதல் பேஸில் (ரன்னர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடம்) ‘அவுட்’ கொடுத்த பேஸ் அம்பயரை ஆளாளுக்குக் காய்ச்சி எடுத்தாயிற்று. அதிலும் அதிக லைக் வாங்கியது, “அவ்வளவு தூரத்தில் நின்றால் என்ன தெரியும்?” என்ற கேள்வி.

தெரியும். அங்கே நின்றால்தான் தெரியும்.

ஃபோர்ஸ் பிளேயில், அதாவது ரன்னர் வருவதற்குள் பந்தைப் பிடித்து பேஸை மிதித்தாலே அவுட் என்ற நிலையில், ரன்னரின் கால், பிடிப்பவரின் கால், பந்து மூன்றையும் பார்த்தாக வேண்டும். கால்கள் தரையில், கிளவ் நெஞ்சுயரத்தில். ஒட்டி நின்றால் ஏதாவது ஒன்றுதான் கண்ணுக்குள் அடங்கும். அதனால்தான் 15 முதல் 18 அடி, த்ரோ வரும் திசைக்கு 90 டிகிரி. த்ரோ நேராக வருகிறது என்று உறுதியானதும் பார்வை பேஸுக்கு இறங்கிவிடும். பந்து கிளவில் அறையும் சத்தத்தைக் காது பார்த்துக்கொள்ளும். த்ரோ விலகினால் இது செல்லாது. பிடிப்பவரின் கால் பேஸை விட்டு நழுவியதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டேக் பிளே, அதாவது பந்துள்ள கிளவால் ரன்னரைத் தொட்டால்தான் அவுட் என்றால் 10, 12 அடிக்கு நெருங்குவார்கள். அங்கேயும் கோணம்தான் முதலில். ரன்னரின் பாதைக்கு 90 டிகிரியில் நின்றால் கிளவுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியும். ரன்னருக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டால் 3 அடியில் நின்றாலும் முதுகுதான் தெரியும். திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு படம் பார்ப்பவருக்குத்தான் கதை நன்றாகப் புரியும் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

“ஓடி வந்திருக்கலாமே, ஏன் மரம் மாதிரி நின்றார்?” என்று ஒருவர். ஓட வேண்டியது த்ரோவுக்கு முன்னால். பந்து பேஸுக்கு வரும்போது அம்பயர் நின்றிருக்க வேண்டும். ஓடினால் தலை குலுங்கும், தலை குலுங்கினால் பார்ப்பதெல்லாம் குலுங்கும். நீங்கள் சோம்பல் என்று திட்டியது அவர் சரியாகச் செய்த வேலையை.

“கேமராவில் சேஃப் என்று தெரிகிறதே!” அந்தக் கேமரா எங்கே இருந்தது? பேட்டர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால், ரன்னரின் முதுகைப் பார்த்தபடி, ஜூம் செய்து. ஜூமில் முன்னும் பின்னும் ஒட்டிப்போய்த் தெரியும். ரன்னரின் கால் எப்போது பேஸைத் தொட்டது என்று அங்கிருந்து சத்தியம் செய்கிறவர்களைக் கும்பிடுகிறேன். அம்பயர் தப்பே செய்யமாட்டாரா என்றால், செய்வார். அது வேறு பேச்சு.

இரண்டே அம்பயர் உள்ள ஆட்டத்தில் அந்த ஆள் சுமப்பது என்னென்ன என்று யாராவது யோசித்தீர்களா? முதல் பேஸில் ரன்னர் இருந்தால், பிட்சர் கையை விட்டுப் பந்து போகும்வரை அந்த ரன்னரின் கால் பேஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னாலேயே பேஸை விட்டால் டெட் பால் (ஆட்டம் அங்கேயே நிற்கும்), ரன்னர் அவுட். பந்து பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டிலேயே நின்றால் இவர் பேஸ்களின் சதுரத்துக்கு வெளியே நிற்பார். அவுட்ஃபீல்டுக்குப் போனால் உள்ளே ஓடிவந்து திரும்பி, ரன்னர் பேஸை மிதித்தாரா என்று பார்த்துக்கொண்டே அடுத்த பேஸுக்கு அவருக்கு முன்னால் போக வேண்டும். நடுவில் பந்தில்லாத ஃபீல்டர் வழி மறித்தால் இடது கையை நீட்டி அப்ஸ்ட்ரக்‌ஷன் காட்ட வேண்டும். பேஸுக்குப் பேஸ் வெறும் 60 அடி, இதெல்லாம் சில விநாடிகளுக்குள். சரியாகச் செய்த நாளில் ஒருவரும் கிளிப் போடுவதில்லை. போடவும் வேண்டாம், பழகிவிட்டது.

இன்னும் வாதாடத்தான் வேண்டுமென்றால், ஷார்ட்ஸ்டாப் கையிலிருந்து பந்து கிளம்பும் இடத்தில் கிளிப்பை நிறுத்துங்கள். அம்பயர் நின்றுவிட்டாரா, கோணம் 90க்குப் பக்கமா, இரண்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் கமெண்டில் எழுதுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.