மாநாட்டுக்கும் மாநாட்டுக்கும் இடையில்

வட்டார அளவிலான வானியல் மாநாடுகளைப் பற்றி நெடுநாளாக மனதில் இருந்துவரும் சில கருத்துகளை இங்கே பதிவு செய்கிறேன். பெரிய தொலைநோக்கிகளோ பெரிய நிதியோ இல்லாத பகுதிகளில், அண்டை நாடுகளின் வானியலாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடித் தங்கள் ஆய்வுகளைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வளர்ந்துவருகிறது. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால், மாநாடு சிறப்பாக நடந்து முடிந்ததையே அந்த வட்டாரத்தில் வானியல் சமூகம் உருவாகிவிட்டதற்குச் சான்றாகக் காட்டும் போக்கு எனக்குக் கவலை தருகிறது. ஒரு மாநாடு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இரண்டு நாடுகளின் தொலைநோக்கிகள் ஒரே விண்மீனை நோக்கித் திரும்பினவா, ஒருவர் எடுத்த தரவை மற்றவர் பயன்படுத்தினாரா, எந்த மாணவராவது எல்லை தாண்டிச் சென்று சில மாதங்கள் தங்கி வேலை கற்றாரா என்பவற்றை வைத்தே அந்த மாநாட்டை மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வானியலில் அண்டை நாட்டோடு சேர்ந்து வேலை செய்வதை நல்லெண்ண நடவடிக்கையாக மட்டும் பார்க்கக் கூடாது. அது இந்த அறிவியலின் தேவை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. எந்த வானாய்வகமும் ஒரு விண்மீனை ஓர் இரவில் சில மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து பார்க்க முடியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும் துடிப்பு விண்மீனை ஓரிடத்திலிருந்து மட்டும் கவனித்தால், பகல்வேளைகளில் விழும் இடைவெளி கணக்கைக் குழப்பிவிடும். அந்த விண்மீன் நாளுக்கு ஐந்து முறை துடிக்கிறதா, நான்கு முறையா, ஆறு முறையா என்பதைப் பிரித்தறிவது பெரும்பாடாகிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் இந்தக் குழப்பம் நீங்காது. கிழக்கிலோ மேற்கிலோ இன்னொருவர் அதே விண்மீனைப் பார்த்தால்தான் நீங்கும். சூரியனின் அதிர்வுகளை இடைவிடாமல் அளப்பதற்காக 1995 முதல் இயங்கும் கோங் வலையமைப்பு, கலிஃபோர்னியா, ஹவாய், ஆஸ்திரேலியா, உதய்ப்பூர், கேனரித் தீவுகள், சிலி என ஆறு இடங்களில் ஒரே மாதிரியான கருவிகளை நிறுவியது இதனால்தான்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு 1977 மார்ச் 10 அன்று நடந்தது. அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லவிருந்தது. கோளின் வளிமண்டலத்தை ஆராய்வதற்காக, 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்தப்பட்ட கைப்பர் வான்வழி ஆய்வகம் என்னும் விமானம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல் பறந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நம் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்திலும் தரையிலிருந்தபடியே அதே விண்மீனைக் கவனித்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. காவலூரில் பதிவான ஒளிக்குறைவை யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்றின் அடையாளமாகவே அங்கிருந்த ஆய்வாளர்கள் கருதி வெளியிட்டார்கள். விமானத்தில் இருந்தவர்களின் முதல் எண்ணமும் சிறு துணைக்கோள்கள் என்பதாகவே இருந்தது. கோளின் இரு பக்கங்களிலும் ஒளிக்குறைவுகள் ஒத்த தொலைவுகளில் நிகழ்ந்திருப்பதும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகியிருந்த இடங்களிலும் அவை பதிவாகியிருப்பதும் தெரிந்த பிறகே யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது உறுதியானது. காவலூரின் பதிவில் எந்தக் குறையும் இல்லை. ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது விண்மீன் கோளின் அருகே ஒரேயொரு கோட்டில் கடந்து செல்வதாகவே தெரியும்; அந்த ஒரு கோட்டில் கிடைக்கும் அளவீடு, துணைக்கோளையும் வளையத்தையும் பிரித்துக் காட்டப் போதாது என்பதுதான் செய்தி. பல கோடுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்களுக்கே முழு வடிவம் தெரியவரும்.

இப்படி ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்றால், பெரும்பாலும் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத நேரங்களில்தான். ஒரு மாநாட்டின் போஸ்டர் அரங்கில் நான் கண்டதைச் சொல்கிறேன். சிறிய தொலைநோக்கி ஒன்றில் தான் எடுத்த ஒளி வளைவை, அதாவது ஒரு விண்மீனின் ஒளி நேரத்தோடு கூடிக் குறைவதைக் காட்டும் வரைபடத்தை, ஒரு மாணவி விளக்கிக்கொண்டிருந்தார். புள்ளிகள் அழகாக ஏறி இறங்கி, விடியற்காலையில் அறுந்து, மறுநாள் இரவில் மீண்டும் தொடங்கின. கிழக்கே இரண்டு நாடுகள் தள்ளியிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் அந்த இடைவெளியில் விரலை வைத்து, “உங்களுக்கு இருட்டுவதற்கு முன்பே எங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைத்துவிடுமே” என்றார். அதன்பின் இருவரும் பேசியதெல்லாம் மிகச் சாதாரணமான விஷயங்கள். எந்த நிற வடிகட்டியைப் பயன்படுத்துவது, எந்த விண்மீனை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது, ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை நொடி ஒளியைச் சேர்ப்பது, கணினியின் கடிகாரத்தை ஒவ்வொரு மாலையும் யார் சரிபார்ப்பது. இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே அரை நிமிட வேறுபாடு இருந்தால் இரண்டு ஒளி வளைவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல், முழுப் பருவத்தின் உழைப்பும் வீணாகிவிடக்கூடும். மாநாட்டின் மேடையில் அன்று நிகழ்ந்த எந்த உரையையும்விட அந்தப் பேச்சுதான் என் மனதில் நிற்கிறது.

ரேடியோ வானியலில் இந்தத் தேவை இன்னும் வெளிப்படையானது. தொலைவிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பதிவு செய்து, பின்னர் அப்பதிவுகளை ஒன்றிணைத்தால், அவற்றுக்கு இடையிலான தூரத்தின் அளவுக்கு விரிந்த ஒரு தொலைநோக்கிக்குரிய கூர்மை கிடைக்கிறது. இங்கே அண்டை நாட்டின் தட்டு, அதாவது ரேடியோ அலைகளை வாங்கும் கிண்ண வடிவ ஆண்டெனா, நம் கருவியின் ஒரு பாகமாகவே ஆகிவிடுகிறது. கானா நாட்டின் குட்டுன்சே என்ற இடத்தில் செயற்கைக்கோள் தொடர்புக்காகப் பயன்பட்ட 32 மீட்டர் ஆண்டெனா, தென்னாப்பிரிக்காவின் ஒத்துழைப்போடு ரேடியோ தொலைநோக்கியாக மாற்றப்பட்டு 2017இல் தொடங்கிவைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் ஹார்டெபீஸ்ட்ஹூக்கில் உள்ள 26 மீட்டர் தட்டும் 1961இல் நாசாவின் விண்கலத் தொடர்பு நிலையமாக அமைக்கப்பட்டதே. வேறு வேலைக்காகக் கட்டப்பட்ட ஒன்றை வானியலுக்கு மாற்றிய அனுபவம் ஒரு நாட்டில் முன்பே இருந்தது; அது இன்னொரு நாட்டுக்குக் கைமாறியது. ஸ்கொயர் கிலோமீட்டர் அரே என்னும் பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் தென்னாப்பிரிக்காவோடு போட்ஸ்வானா, கானா, கென்யா, மடகாஸ்கர், மொரிஷியஸ், மொசாம்பிக், நமீபியா, சாம்பியா ஆகிய எட்டு நாடுகள் கைகோத்திருக்கின்றன. தட்டுகள் எழும் வேகத்துக்கு ஈடாக அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் அங்கே உருவாக வேண்டும் என்பதற்காகவே பிரிட்டனும் தென்னாப்பிரிக்காவும் இணைந்து அந்நாடுகளின் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்துவருகின்றன. இது சரியான வரிசை என்று நான் கருதுகிறேன். ஆளை உருவாக்காமல் கருவியை மட்டும் கொண்டுவந்து இறக்கினால் அது திறப்பு விழாவோடு தூங்கிவிடும்.

கிழக்கு ஆசியா வேறொரு பாதையில் சென்றது. சீனா, ஜப்பான், கொரியா, தைவான் ஆகியவற்றின் வானியல் நிறுவனங்கள் 2005இல் தமக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. பத்து ஆண்டுகள் சேர்ந்து பழகிய பிறகு, ஹவாயின் மௌனா கியா மலையுச்சியில் பிரிட்டன், கனடா, நெதர்லாந்து ஆகிய நாடுகள் 1987 முதல் நடத்திவந்த 15 மீட்டர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கியை, கிழக்கு ஆசிய வானாய்வகம் என்ற பொது அமைப்பின் வழியாக 2015இல் ஏற்று நடத்தத் தொடங்கின. 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் கண்ட முதல் கருந்துளைப் படத்துக்கான தரவுகளைத் தந்த எட்டுத் தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. இந்நாடுகளின் அரசுகளுக்கிடையே உள்ள உறவு எவ்வளவு சிக்கலானது என்பதை அனைவரும் அறிவோம். அதைக் கடந்து ஒரு தொலைநோக்கியை அவர்களால் சேர்ந்து நடத்த முடிகிறது என்றால், அதற்கு முந்தைய பத்தாண்டுப் பழக்கமே அடித்தளம் என்று நினைக்கிறேன்.

வட்டாரக் கூட்டங்களின் வரலாறு புதியதல்ல. சர்வதேச வானியல் ஒன்றியம் 1919இல் தோன்றியது. அதன் வட்டார மாநாடுகள் ஆசிய பசிபிக் பகுதிக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் 1978இல் தொடங்கின. முன்னது நியூசிலாந்தின் வெலிங்டனிலும் பின்னது சிலியின் சாண்டியாகோவிலும் கூடியது. ஆனால் ஒன்றியத்தின் பொதுப்பேரவை ஆப்பிரிக்க மண்ணில் முதன்முதலாகக் கூடுவதற்கு 2024 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேப் டவுனில் நடந்த அந்தக் கூட்டம் ஒரே நாளில் வாய்த்ததல்ல. ஒன்றியத்தின் வளர்ச்சிக்கான வானியல் அலுவலகம் 2011 முதல் அதே நகரில் இயங்கிவந்தது. ஆப்பிரிக்க வானியல் சங்கமும் 2011இல் உருவாகி, 2019இல் புத்துயிர் பெற்றது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். திறமையான ஒரு மாணவர், தன்னைப் போலவே வசதிக் குறைவோடு இருக்கும் அண்டை நாட்டவரோடு சேர்வதைவிட, பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் தொலைதூர நிறுவனத்தோடு சேர்ந்தால் விரைவில் முன்னேறுவாரே என்பது அது. தனிப்பட்ட ஒருவரின் முன்னேற்றத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். அப்படிச் செல்பவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உறவில் ஆய்வுக்கேள்வி வேறெங்கோ தீர்மானிக்கப்படுகிறது, தரவு வேறெங்கோ சேமிக்கப்படுகிறது, அந்த ஒருவர் ஓய்வு பெற்றதும் உறவும் முடிந்துபோகிறது. அண்டை நாட்டோடு தொடங்கும் வேலை சிறியதாக இருந்தாலும் கேள்வி நம்முடையதாக இருக்கும். அடுத்த மாணவருக்கும் அது தொடர்ந்து கிடைக்கும்.

மாநாடுகள் நடத்தப்படும் விதத்தில் என்னை வருத்தும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். செலவின் பெரும்பகுதி தொலைதூர அறிஞர்களை அழைத்து வருவதற்கும் அரங்க ஏற்பாடுகளுக்கும் போய்விடுகிறது; அதே வட்டாரத்து மாணவர்களுக்குப் பயணப்படி கிடைப்பதில்லை. பக்கத்து நாட்டு விசா, கடல் கடந்த நாட்டு விசாவைவிடத் தாமதமாக வருகிறது. அழைப்புக் கடிதத்தை ஒரு மாதம் முன்னதாக அனுப்பியிருந்தால் வந்திருக்கக்கூடிய ஒருவரின் போஸ்டர் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பதைப்போல மனதை உறுத்துவது வேறில்லை. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தொலைநோக்கியின் ஆடிக்கு மீண்டும் அலுமினியப் பூச்சு போடுபவர், மாடத்தின் மோட்டாரைப் பழுது பார்ப்பவர், குளிர்விக்கும் கருவி நின்றுபோனால் இரவோடு இரவாக அதைச் சரிசெய்பவர் ஆகியோரை யாரும் மாநாட்டுக்கு அழைப்பதே இல்லை. பூச்சு மங்கிய ஆடி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை ஒவ்வோர் இரவும் இழந்துகொண்டே இருக்கிறது. பூச்சு போடும் வெற்றிடக் கலன் அண்டை நாட்டில் இருக்கலாம். அதை இயக்கத் தெரிந்தவரும் அங்கே இருக்கலாம். ஆடி மங்கிப்போன வானாய்வகத்தினரும் அவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதால் ஏற்படும் இழப்பு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பதிவாவதில்லை.

இனி வரும் ஆண்டுகளில் இந்தக் கூட்டுறவின் தேவை பன்மடங்கு கூடப்போகிறது. சிலியில் உள்ள 8.4 மீட்டர் வேரா ரூபின் தொலைநோக்கி தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. வானில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றி ஓர் இரவுக்கு ஒரு கோடி வரையிலான அறிவிப்புகளை அது வெளியிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அவற்றுள் மிகப் பல, சிறிய தொலைநோக்கிகளுக்கு எட்டாத அளவு மங்கலானவை. எட்டக்கூடிய பிரகாசமானவற்றை உடனே தொடர்ந்து கவனிக்க, வெவ்வேறு தீர்க்கரேகைகளில் ஒரு மீட்டர் அளவிலான தொலைநோக்கிகள் தேவை. 2017 ஆகஸ்டு 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை பதிவானபோது, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் அந்த மோதல் நடந்த விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியை முதலில் கண்டது, சிலியில் உள்ள ஒரு மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கிதான். ஈர்ப்பலை பதிவாகி ஏறத்தாழ பதினொரு மணி நேரம் கழித்து, அங்கே இருட்டத் தொடங்கிய வேளையில் அது நிகழ்ந்தது. அத்தகைய ஒரு மாலை எந்த நாட்டில் வாய்க்கும் என்பதை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த நேரத்தில் யாரை அழைப்பது, எந்த வடிகட்டியில் எடுப்பது, தரவை எங்கே வைப்பது என்பதெல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே மாநாட்டு அமைப்பாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கடைசி நாளின் பிற்பகலை வாழ்த்துரைகளுக்கு ஒதுக்காமல், கூட்டாகக் கவனிக்கப்போகும் சில விண்பொருட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வானாய்வகமும் ஆண்டுக்குச் சில இரவுகளையேனும் அண்டை நாட்டு மாணவருக்குத் தரட்டும். அதை அந்த வானாய்வகத்தின் இயக்குநர் கையெழுத்திட்டு உறுதிசெய்யட்டும். அழைக்கப்படும் ஒரு தொலைதூரப் பேச்சாளரைக் குறைத்தாலே, ஒரு தொழில்நுட்பப் பணியாளர் பக்கத்து நாட்டில் சில வாரங்கள் தங்கி வேலை கற்றுவரும் செலவு பெரும்பாலும் கிடைத்துவிடும். சர்வதேச வானியல் ஒன்றியம் 1967 முதல் நடத்திவரும் இளம் வானியலாளர் பள்ளிகளைப்போல, மூன்று வாரமேனும் மாணவர்கள் சேர்ந்து தங்கித் தரவுகளைக் கையாளும் முகாம் ஒன்றை மாநாட்டோடு இணைத்து நடத்துங்கள். அடுத்த மாநாட்டின் முதல் அமர்வில், சென்ற முறை ஒப்புக்கொண்ட விண்பொருட்களில் எவற்றைச் சேர்ந்து கவனித்தோம், எவை விடுபட்டன, ஏன் விடுபட்டன என்பதை அந்த வேலையைச் செய்த மாணவர்களே மேடையேறிச் சொல்லட்டும்.