ஆலையை மட்டும் பார்த்து மதிப்பெண்ணா?

பெரிய உணவு நிறுவனம் ஒன்றின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை மதிப்பிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். கட்டுரையாளர் தாராளமாக மதிப்பெண் போட்டிருக்கிறார். அவர் காட்டும் ஆதாரம்: ஆலைக் கூரையில் சூரியத் தகடுகள், குறைந்த தண்ணீர்ச் செலவு, மெல்லிய பிளாஸ்டிக் உறை. நல்லவைதான். ஆனால் இத்தகைய நிறுவனங்களின் பசுங்குடில் வாயுவில் பெரும்பகுதி ஆலையில் பிறப்பதில்லை. பாமாயில், சோயா, கோகோ, பால் உற்பத்தியாகும் நிலங்களில் பிறக்கிறது. நிறுவனத்தின் சொந்த ஆலைகளுக்கு வெளியே, மூலப்பொருள் வரும் வழியில் உண்டாகும் வெளியேற்றமாக ‘ஸ்கோப் 3’ என்று கணக்கிடப்படும் அந்த எண்ணைக் கட்டுரை முழுக்கத் தேடினேன், காணவில்லை.

பல்லுயிர் விஷயம் இன்னும் சிக்கலானது. கார்பனைப்போல டன் கணக்கில் அதை அடக்க முடியாது; எந்தத் தோட்டம், எந்தக் காட்டை ஒட்டியது என்று இடம் தெரிய வேண்டும். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் விளைவித்ததாகச் ‘சான்றிதழ் பெற்ற பாமாயில்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறார். ‘மாஸ் பேலன்ஸ்’ முறையில் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் கலந்தே வரும் என்பதை ஏன் சொல்லவில்லை? உலகின் பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் இணைந்த ‘கன்ஸ்யூமர் கூட்ஸ் ஃபோரம்’, நிகரக் காடழிப்பை (அழிந்த காட்டிலிருந்து புதிதாக வளர்த்த காட்டைக் கழித்த கணக்கு) 2020-க்குள் பூஜ்யமாக்குவதாக 2010-இல் உறுதியளித்தது. கெடு முடிந்தது, இலக்கு எட்டப்படவில்லை. வாக்குறுதிகளையே சாதனையாக எண்ணுவது நிறுவன அறிக்கையின் வேலை, விமர்சகரின் வேலையல்ல.

இன்னொன்று. ‘ஒரு டன் உற்பத்திக்கு வெளியேற்றம் இவ்வளவு குறைந்தது’ என்கிறார் கட்டுரையாளர். உற்பத்தி பெருகினால் மொத்த வெளியேற்றம் கூடியிருக்கலாமே! அந்த மொத்தத்தையும் போடுங்கள்.