"வாசிக்கவும்"னு ஒரு பதில்

நேத்து ராத்திரி பேரன்ட்ஸ் குரூப்புல நடந்தத பாத்தவங்களுக்கு தெரியும். பேரு சொல்ல மாட்டேன், ஸ்கிரீன்ஷொட்டும் போட மாட்டேன். ஆனா மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

அந்த அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "சேர் சனிக்கெழம ஸ்கொலர்ஷிப் கிளாஸ் எத்தன மணிக்கு". அதுக்கு கிளாஸ் எடுக்குற சேர்கிட்டயிருந்து வந்த பதில், "மேலே போடப்பட்டுள்ளது. வாசிக்கவும்." ஒரு கெட்ட வார்த்தை கெடையாது, எழுத்துப் பிழைகூட கெடையாது. அத வச்சுத்தான் "இதுல என்னா தப்பு"ன்னு எல்லாரும் என்கிட்ட சண்டைக்கு வாறீங்க.

தொனிங்க, தொனி. "வாசிக்கவும்"ங்கிறது தோட்டத்து ஒஃபீஸ் செவுத்துல ஒட்டுற நோட்டீஸ் பாஷை. வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டிருந்தா அப்பிடியா சொல்லுவோம்? "ஏழரைக்குக்கா, மேல போட்டிருக்கேன் பாருங்க"ன்னு சொல்லுவோம். நம்ம பேச்சுல மரியாதையும் பாசமும் அந்த கடைசி "ங்க"வுலயும் "க்கா"வுலயும்தான் இருக்கு, நேர்ல பேசும்போது அது விட்டுப்போனாலும் மொகம் காட்டிக் குடுத்துரும், போன்ல ஏது மொகம், எழுத்து மட்டும்தான போய்ச் சேருது.

அந்த அக்கா ஏன் மேல பாக்கலன்னு யாராவது யோசிச்சீங்களா? காலையில மலைக்கு தேயிலை பறிக்க போனா கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு வீடு வர அஞ்சு மணி. அவங்க இருக்கிற லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, சிக்னல் கெடையாது, ரோட்டுக்கு ஏறி வந்து நின்னாத்தான் மெசேஜ் எல்லாம் ஒரேயடியா கொட்டும், நேத்து மட்டும் குரூப்புல 100க்கு மேல, அதுல பாதி குட்மோர்னிங் பூப்படம். எப்பவும் வொய்ஸ் போடுறவங்க, நேத்துதான் மொதமொதல்ல டைப் பண்ணி கேட்டாங்க, ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அமுக்கி. அதுக்கு கெடச்ச பதில் "வாசிக்கவும்".

எங்க தாத்தா லயத்துல எல்லாருக்கும் கடிதம் எழுதிக் குடுத்தவரு. 1964ல இலங்கையும் இந்தியாவும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு நம்ம ஆளுங்கள்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியாவுக்குன்னு பிரிச்சாங்களே, அதுல தலைமன்னார்ல கப்பலேறிப் போன சொந்தபந்தத்துக்கு இங்கயிருந்து கடிதம் மட்டும்தான். ஒரு பாட்டி மகனுக்கு எழுதச் சொல்லுச்சாம். தாத்தா "ஏன் கடிதம் போடவில்லை"ன்னு எழுதி வாசிச்சுக் காட்டுனாராம். பாட்டி பதறி, "அப்பிடி போடாதீங்க, நான் கோவிச்சிக்கிட்டேன்னு அவன் அழுவான்"னுச்சாம். தாத்தா அத வெட்டிட்டு "ஏன்யா கடுதாசி போடல"ன்னு எழுதுனாராம். ஒரே ஒரு "யா". கையெழுத்து போடத் தெரியாத பாட்டி, அதுக்கு தெரிஞ்சிருக்கு.

"தொண்ணூறு பேருக்கு பதில் சொல்றவருக்கு எங்க நேரம்"னு ஒருத்தர் கேட்டீங்க. உண்மைதான், சேர் சல்லி வாங்காம சனிக்கெழம வாறாரு, அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு. ஆனா "வாசிக்கவும்"னு அடிக்கிற நேரத்துல "7.30 அக்கா"ன்னு அடிச்சிருக்கலாமே.

"அப்ப எல்லாத்துக்கும் ஸ்மைலி போடணுமா"ன்னு இன்னொருத்தர். ஸ்மைலி வந்ததே இதுக்குத்தான். 1982ல அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஸ்கொட் ஃபால்மன்ங்கிறவரு, பகிடிக்கு எழுதுனத ஆளுங்க சீரியஸா எடுத்துக்கிறாங்கன்னு, முக்காற்புள்ளி கோடு அடைப்புக்குறி மூணையும் சேத்து சிரிக்கிற மொகமா போடச் சொன்னாரு. கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கே எழுத்துல தொனி மாறிப்போகுதுன்னா நாள் முழுக்க மழையில நனைஞ்சிட்டு வந்த பொம்பளைக்கு மாறாதா?

"ரொம்ப சென்சிடிவ்"னு சொன்னவருக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

மனசுல உள்ளதச் சொல்லிர்றேன். எங்க அம்மா ஆஸ்பத்திரிக்கு போனாலும் பேங்குக்கு போனாலும் "அங்க போய் நில்லு", "அந்தப் பக்கம் வா"தான். சின்னப் புள்ளையா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே வளந்தவ நான். மலைல கங்காணி வெரட்டுறது, ஒஃபீஸ்ல கிளாக்கர் வெரட்டுறது, அதெல்லாம் ஒரு பக்கம், இது நம்ம புள்ளைங்க படிக்கிறதுக்கு நாமளே சேந்து தொடங்குன குரூப்பு. இங்கயும் நம்ம ஆளுக்கு நம்ம ஆளே நோட்டீஸ் ஒட்டுனா அவங்க வேற எங்க போய் கேப்பாங்க?

ராத்திரி ஒம்பது மணிக்கு அந்த அக்கா குரூப்ப விட்டு போய்ட்டாங்க, எத்தன பேரு கவனிச்சீங்கன்னு தெரியல. நான் தனியா வொய்ஸ் போட்டு நேரத்த சொன்னேன். இன்னைக்கு காலையில பதில் வந்துச்சு, பின்னால தகரத்துல மழை அடிக்கிற சத்தம். "ஏழரைன்னு சொன்னீங்கல்ல தங்கச்சி, புள்ளைய அனுப்பிர்றேன். சேர்கிட்ட இதப்பத்தி ஒண்ணும் கேக்க வேணாம். நான்தான் சரியா பாக்கல."