தனிக்குடித்தனம் போன தம்பியும் தேடி வந்த பெரியண்ணனும்

என் பக்கத்து வீட்டுக்காரர் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வயது எழுபதை நெருங்குகிறது. 2024 நவம்பர் 30, தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை இரவு, காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்தான்) பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சோபா காலி. மனிதர் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஏ அண்ட் எம் மாணவர்கள் மைதானத்தில் ஆட்டம் முடியும்வரை உட்காரமாட்டார்கள், தெரியும். முட்டிவலியோடு சொந்த ஹாலிலும் அதைக் கடைப்பிடிப்பார் என்று நினைக்கவில்லை. சரி என்று நானும் நின்றேன்.

எதிரணி ஆஸ்டினின் டெக்சஸ் பல்கலைக்கழகம். ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே நூறு மைல் சொச்சம்தான். ஆனால் 2011க்குப் பிறகு அன்றுதான் மோதுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "எல்லாம் ஆஸ்டின்காரன் பேராசை" என்பார். பாதி சரி.

காலேஜ் அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடும். 1914இல் தொடங்கிய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ்தான் இவர்களுடைய பழைய வீடு. 1984இல் உச்ச நீதிமன்றம் ஒளிபரப்பு உரிமையை, காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் பிடியிலிருந்து விடுவித்தது. அப்புறம் டிவியில் யாருக்கு மவுசு என்பதுதான் கணக்கு. 1996இல் டெக்சஸ், ஏ அண்ட் எம், பேய்லர், டெக்சஸ் டெக் நான்கும் பிக் எயிட் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் அணிகளோடு சேர்ந்து பிக் 12 என்ற புதிய கான்ஃபரன்ஸ் ஆனார்கள். பழைய வீட்டின் மற்ற அணிகளான ரைஸ், ஹூஸ்டன், எஸ்எம்யூ, டிசியூ நடுத்தெருவில் நின்றன. அன்று ஏ அண்ட் எம் தரப்பில் யாரும் பெரிதாகக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

பிக் 12இல் டிவி பணத்தைச் சமமாகப் பங்கிடவில்லை. அதிகம் ஒளிபரப்பாகும் அணிக்கு அதிகம். இதற்குக் கை தூக்கியது டெக்சஸ் மட்டுமல்ல. பின்னால் அழுத, பிக் எயிட்டிலிருந்து வந்த நெப்ராஸ்காவும் ஏ அண்ட் எம்மும்கூடத்தான் தூக்கின. பங்கு கிடைக்கும்வரை பேராசை யார் கண்ணிலும் படுவதில்லை!

நிஜமாகவே குடும்பத்தைப் பிரித்தது லாங்ஹார்ன் நெட்வொர்க். 2011இல் விளையாட்டு டிவி நிறுவனமான ஈஎஸ்பிஎன் டெக்சஸுக்கென்றே ஒரு சேனல் தொடங்கியது. 20 வருஷத்துக்கு 30 கோடி டாலர். ஒரே பந்தியில் ஒருவனுக்கு மட்டும் தனிச் சமையல். அதில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களையும் காட்டப் பார்த்தார்கள். அதாவது, மாநிலமே வலைவீசித் தேடும் பையன்களுக்கு டெக்சஸ் முத்திரையோடு திரை. என்சிஏஏ தடுத்துவிட்டது, ஆனால் கசப்பு தங்கிவிட்டது. நெப்ராஸ்காவும் கொலராடோவும் ஏற்கெனவே கிளம்பியிருந்தன. 2012இல் ஏ அண்ட் எம்மும் மிசூரியும் எஸ்ஈசி என்ற தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டன.

டெக்சஸ் பணம் கேட்டதை நான் தப்பு சொல்லமாட்டேன். எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அது கால் மாற்றி வைத்தால் கூரையே ஆடும், மற்றவர்கள் விஷயத்தில் அப்படியில்லை. அந்தக் கனம் தெரிந்தும் தெரியாததுபோல நடந்துகொண்டதுதான் எனக்கு உறுத்தல்.

உச்சக்கட்டம் 2021 ஜூலையில். டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்ஈசிக்கு வருகின்றன என்று செய்தி. தனிக்குடித்தனம் போனவன் வாசலில் பெட்டி படுக்கையோடு அண்ணன் வந்து நின்ற கதை. முதலில் முகம் சுளித்த ஏ அண்ட் எம், கடைசியில் ஆதரவாகவே ஓட்டுப் போட்டது. சீக்கிரம் கிளம்ப இரண்டு அணிகளும் சேர்ந்து பிக் 12க்கு 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன. எஸ்ஈசியில் டிவி பணம் எல்லோருக்கும் சமம். தனிச் சேனலையும் 2024இல் மூடியாயிற்று. பிக் 12இல் பேய்லரோடும் கான்ஸஸ் ஸ்டேட்டோடும் சமமாக உட்கார மனம் வராதவர்களுக்கு எஸ்ஈசியில் அலபாமா பக்கத்தில் உட்கார மனம் வந்துவிட்டது.

இதற்குள் மேற்குக் கடற்கரைப் பக்கத்து கான்ஃபரன்ஸான பாக் 12 சிதறி, ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சின. அதற்குக் காரணம் டெக்சஸ் மட்டுமல்ல, அது தனிப் பதிவு.

ஏ அண்ட் எம்மின் அணிப்பாட்டு பாதிக்கு மேல் டெக்சஸைக் கிண்டலடிப்பதுதான். டெக்சஸோடு ஆட்டமே இல்லாத பன்னிரண்டு சீசனிலும், எதிரே யார் ஆடினாலும், அதையேதான் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவும் மனிதர் கரகரத்த குரலில் பாடினார். ஆட்டம் 17-7, டெக்சஸ் ஜெயித்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் ஆட்டம் ஆஸ்டினில்தானே, டிக்கெட் என்ன விலை வரும் என்று கேட்டார்.